கேபினட்டைத் திறக்காமல் உள்ளே என்ன ராம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

வடகடல்_ஜெராக்ஸ், பாம்பன்:

வணக்கம். பாம்பனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, ஆதார் பிரிண்ட், காலேஜ் விண்ணப்பம், ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு ரயில் டிக்கெட் என்று நாள் முழுக்க ஒரே கம்ப்யூட்டர்தான் ஓடுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய அசெம்பிள் மெஷின். முன்பக்கம் ஐ7 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்ததும் அக்கா மகன் வந்து லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்தான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விண்ணப்பத் தளம், வாட்ஸ்அப், ஸ்கேன் மூன்றையும் சேர்த்துத் திறந்தால் மவுஸ் அம்பு கூட நின்று நின்று நகர்கிறது. "ராம் போடுங்க சித்தி" என்கிறான். எந்த ராம் என்று கேட்டால் கழற்றிப் பார்க்கச் சொல்கிறான். ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குப் போன் போட்டால் அவர்களும் பழையதைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

கழற்றுவதில்தான் சிக்கல். கடை வாசலில் நின்றால் வடகடல் காற்று முகத்தில் அடிக்கும். பின்பக்க ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்து ஒன்றிரண்டுக்குத் தலையே மழுங்கிவிட்டது. டிரைவரை வைத்தால் வழுக்குகிறது. அரைகுறையாகக் கழற்றி அப்படியே நின்றுவிட்டால் அன்றைய வியாபாரம் போச்சு. லினக்ஸில் கருப்புத் திரையில் ஏதோ தட்டினால் உள்ளே இருப்பது எல்லாம் தெரியும் என்று கேள்விப்பட்டேன். என்ன தட்ட வேண்டும்?

திறந்து_பார், பரமக்குடி:

அக்கா, எதற்கு இவ்வளவு யோசனை? கேபினட் ஸ்க்ரூ போனால் டிரில் போட்டு எடுத்துவிடலாம். ராம் மேலே ஸ்டிக்கரில் டிடிஆர்3 என்றோ டிடிஆர்4 என்றோ எழுதியிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை.

கச்சான், மண்டபம்:

அக்கா, டிரில்லைக் கீழே வையுங்கள். இரும்புத் தூள் மதர்போர்டில் விழுந்தால் ராமோடு போர்டும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். பரமக்குடித் தம்பி ஊரில் ஸ்க்ரூ வெள்ளையாக இருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது. நான் போட்டில் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன். நம்ம கரையில் ஸ்டிக்கரை நம்பிப் பயனில்லை. உப்புக் காற்றில் எழுத்து அழிந்து, பசை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கருப்புத் திரை வரும். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். 'எல்எஸ்' என்று வந்தால் எல், எஸ் இரண்டே எழுத்து, லிஸ்ட் என்பதின் சுருக்கம். அதற்கு அடுத்து வருவதை இடம் விடாமல் ஒட்டித் தட்டவும்.

முதலில் எல்எஸ்சிபியு. இதில் மாடல் நேம் என்ற வரியைப் பாருங்கள். ஸ்டிக்கர் கடைக்காரர் ஒட்டியது. இந்த வரி பிராசசர் தன் வாயால் சொல்வது.

அடுத்தது ஃப்ரீ, ஒரு இடம், ஒரு கோடு, ஹெச். மொத்த ராம் எவ்வளவு என்று ஜிபியில் காட்டும். ஆனால் எத்தனை துண்டு, எந்த ரகம் என்று இது சொல்லாது. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது கட்டளை.

சூடோ டிஎம்ஐடிகோட் -டி மெமரி. சூடோ என்பது எஸ், யு, டி, ஓ, நிர்வாகி அனுமதியோடு ஓட்டு என்று அர்த்தம். டி, எம், ஐ, பிறகு டிகோட் என்ற சொல், நான்கும் ஒட்டி வரும். கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டி, டைப் என்ற சொல்லில் வரும் டி. பாஸ்வேர்டு கேட்கும். தட்டும்போது நட்சத்திரம் எதுவும் வராவிட்டாலும் பயப்பட வேண்டாம், உள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கும். முடித்து என்டர் அடியுங்கள்.

நீளமாக ஓடும். மெமரி டிவைஸ் என்று தலைப்பிட்ட ஒவ்வொரு பத்தியும் ஒரு ஸ்லாட், அதாவது ராம் செருகும் இடம். அதில் நாலு வரி போதும். சைஸ், ஃபார்ம் ஃபேக்டர், டைப், ஸ்பீடு. ஃபார்ம் ஃபேக்டர் வரியை எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். டிம் என்றிருந்தால் டெஸ்க்டாப்பில் போடும் நீளத் துண்டு. எஸ்ஓடிம் என்றிருந்தால் லேப்டாப்பில் போடும் குட்டைத் துண்டு. சின்னப் பெட்டி டெஸ்க்டாப்புகளில் குட்டையும் போடுவார்கள். டிடிஆர்3 நீளத் துண்டுக்கு 240 பின், டிடிஆர்4க்கு 288. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று உட்காராது. அழுத்தி உட்கார வைக்கப் பார்க்கிற ஆளையும் நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சூடோ டிஎம்ஐடிகோட் -டி பேஸ்போர்டு. மதர்போர்டு யார் செய்தது, என்ன மாடல் என்று இதில் வர வேண்டும். எல்எஸ்பிசிஐ தட்டினால் போர்டில் உள்ள சில்லுகளின் பட்டியல் வரும். எல்லாவற்றையும் இங்கே போடுங்கள். ஆனால் சீரியல் நம்பர் என்று வரும் வரிகளை அழித்துவிட்டுப் போடுங்கள், பொது இடம்.

வடகடல்_ஜெராக்ஸ், பாம்பன்:

தம்பி, எல்லாம் தட்டினேன். நிறையச் சந்தேகம் வந்துவிட்டது.

ஐ7 என்று ஸ்டிக்கர் இருக்கிறது, மாடல் நேமில் ஐ5-3470 என்று வருகிறது. ஃப்ரீ தட்டினால் 3.7 என்கிறது. 4 ஜிபி என்று சொல்லித்தான் விற்றார்கள், மீதி எங்கே போனது? ஸ்லாட் இரண்டு. ஒன்றில் 4 ஜிபி, டிம், டிடிஆர்3, 1600. இன்னொன்றில் நோ மாட்யூல் இன்ஸ்டால்டு. மேலே எர்ரர் கரெக்‌ஷன் நன், மேக்ஸிமம் கெப்பாசிட்டி 32 ஜிபி என்று இருக்கிறது.

மதர்போர்டு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் டு பி ஃபில்டு பை ஓஇஎம் என்று எழுதியிருக்கிறது. யாரோ நிரப்ப வேண்டுமாம். நானா நிரப்ப வேண்டும்?

எல்எஸ்பிசிஐயில் கிராபிக்ஸ் கன்ட்ரோலர் என்ற வரியில் ஜியோன் என்று வருகிறது. அக்கா மகனிடம் சொன்னேன், ஜியோன் சர்வரில் போடுவதாச்சே சித்தி என்று குதிக்கிறான். எச்61 என்று ஒரு வரியும், ரியல்டெக் என்று ஒரு வரியும் இருக்கின்றன.

கச்சான், மண்டபம்:

ஸ்டிக்கர் ஐ7, உள்ளே ஐ5. விற்றவரிடம் போய்க் கேட்டால் ஸ்டிக்கர் தானாக ஒட்டிக்கொண்டது என்பார், விடுங்கள். 3470 என்பது இன்டெலின் மூன்றாம் தலைமுறை, 2012ல் வந்தது. நாலு கோர். உங்கள் கடை வேலைக்குத் தாராளம். விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் கேட்பதால் அது இதில் முறைப்படி ஏறாது. அக்கா மகன் லினக்ஸ் போட்டது நல்ல காரியம்.

ஜியோன் கதையைக் கேட்டுக் குதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தலைமுறையில் சர்வர் பிராசசருக்கும் வீட்டுப் பிராசசருக்கும் ஒரே கிராபிக்ஸ் சில்லு, ஒரே அடையாள எண். எல்எஸ்பிசிஐ அந்த எண்ணைப் படித்துத் தன்னிடம் இருக்கும் அட்டவணையில் பெயர் தேடும். அட்டவணையில் இரண்டு பெயரும் ஒரே வரியில் இருக்கிறது, ஜியோன் முதலில் வருகிறது. அந்த வரியைக் கடைசி வரை படித்தால் தேர்டு ஜென் கோர் என்றும் இருக்கும். எல்எஸ்பிசிஐ -என்என் என்று தட்டினால் அந்த எண்ணையே காட்டும். 8086 என்று தொடங்கினால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக். தன்னைத் தூக்கி நிறுத்திய பழைய பிராசசரின் எண்ணையே இன்டெல் தனக்கு அடையாள எண்ணாக வைத்துக்கொண்டது.

3.7 கணக்கு சரிதான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கு வேண்டியதை ராமிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, லினக்ஸின் மையமான கெர்னலும் தனக்கென்று கொஞ்சம் ஒதுக்கிக்கொள்கிறது. யாரும் ஏமாற்றவில்லை, இந்த ஒரு விஷயத்தில்.

இனி அந்த டு பி ஃபில்டு. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். டிஎம்ஐடிகோட் போர்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. போர்டு செய்தவர் பயாஸில், அதாவது போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளில், எழுதிவைத்த குறிப்பை அப்படியே வாசிக்கிறது, அவ்வளவுதான். அவர் எழுதாமல் விட்டால் இப்படி வெற்றுப் படிவம்தான் வரும். தப்பாக எழுதியிருந்தால் தப்பையே வாசிக்கும். அந்தக் கட்டளையின் கையேட்டிலேயே, இதில் வருவது அரைகுறையாகவோ தவறாகவோ இருக்கலாம் என்று எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். எல்எஸ்சிபியுவும் எல்எஸ்பிசிஐயும் அப்படி இல்லை, சில்லையே கேட்டுச் சொல்பவை. இரண்டும் முரண்பட்டால் சில்லு சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மெஷினிலேயே அந்த முரண்பாடு இருக்கிறது பாருங்கள். டிஎம்ஐடிகோட் 32 ஜிபி வரை போடலாம் என்கிறது. பிராசசருக்கு 32 தாங்கும், ஆனால் போர்டில் இருப்பது எச்61 சிப்செட். அதில் ஸ்லாட்டுக்கு 8 வீதம் மொத்தம் 16தான். 32ஐ நம்பி 16 ஜிபி துண்டு வாங்கினால் மெஷின் ஸ்டார்ட் ஆகாது.

வாங்க வேண்டியது இது. டிடிஆர்3, டெஸ்க்டாப் டிம், 1600, 4 ஜிபி ஒன்று. பழையதும் புதியதும் ஒரே அளவாக இருந்தால் டூயல் சேனலில், அதாவது இரண்டையும் சேர்த்துப் படித்து வேகமாக ஓடும், திரைக்கும் ராமிலிருந்தே எடுக்கும் மெஷினில் அந்த வித்தியாசம் தெரியும். கையில் காசு இருந்தால் 8 ஜிபி போடுங்கள், அதுவும் ஓடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்தோ ஆன்லைனிலோ மலிவாக வந்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஈசிசி (பிழை திருத்தும்) ரெஜிஸ்டர்டு என்று போட்டிருந்தால் அது சர்வரிலிருந்து கழற்றியது, உங்கள் போர்டு ஏற்காது. எர்ரர் கரெக்‌ஷன் நன் என்று நீங்கள் போட்ட வரியின் அர்த்தம் அதுதான். ஏஎம்டிக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டு விற்கும் டிடிஆர்3யும் வேண்டாம்.

ஆனால் ராம் வாங்குவதற்கு முன்னால் டிஸ்கைப் பாருங்கள். மவுஸ் நின்று நின்று நகர்வது ராமால் மட்டும் வருவதில்லை. எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,ரோட்டா,மாடல் என்று தட்டுங்கள். பிஎல்கே என்பது பிளாக் என்பதின் சுருக்கம். கமாக்களுக்குப் பிறகு இடம் விடக்கூடாது. ரோட்டா 1 என்றால் சுழலும் ஹார்டு டிஸ்க், 0 என்றால் எஸ்எஸ்டி. பிறகு சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டுவிட்டு, சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ. வரும் அட்டவணையில் 5, 9, 197, 199 நம்பர் வரிகளின் கடைசி எண்ணைச் சொல்லுங்கள்.

கீழக்கரைப்_பையன்:

விண்டோஸ்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய வீடியோக்களில் டபிள்யூஎம்ஐசி என்று தட்டச் சொல்வார்கள். விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பிலிருந்து அது தானாக வருவதில்லை. பவர்ஷெல்லைத் திறந்து கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் வின்32_பிசிக்கல்மெமரி தட்டுங்கள். கடைசியில் எஸ்எம்பயாஸ்மெமரிடைப் என்ற வரியில் ஒரு எண் மட்டும் இருக்கும். 24 என்றால் டிடிஆர்3, 26 என்றால் டிடிஆர்4, 34 என்றால் டிடிஆர்5. இதுவும் கச்சான் அண்ணன் சொன்ன அதே பயாஸ் குறிப்பிலிருந்து வருவதுதான், அதே எச்சரிக்கை இதற்கும் உண்டு.

அக்காவுக்கு, மிண்டில் இங்க்சி என்று ஒன்று முன்பே இருக்கும். ஐ, என், எக்ஸ், ஐ. அதோடு -எஃப்எக்ஸ்இசட் சேர்த்தால் பெரும்பாலான விவரம் ஒரே பக்கத்தில் வரும், சீரியல் நம்பரை அதுவே மறைத்துவிடும். எஃப் மட்டும் பெரிய எழுத்து.

வடகடல்_ஜெராக்ஸ், பாம்பன்:

ரோட்டா 1. 500 ஜிபி. 5வது வரி 0, 197வது வரி 0. 9வது வரியில் 31 ஆயிரத்துச் சொச்சம். 199ல் 1412 என்று இருக்கிறது. அது மட்டும் பெரிதாக இருப்பதால் பயமாக இருக்கிறது. டிஸ்க் போகப் போகிறதா?

இன்னொன்று, இன்டர்நெட்டும் முன்பு மாதிரி இல்லை. போனில் வேகமாக வருகிறது, கம்ப்யூட்டரில் இழுக்கிறது.

கச்சான், மண்டபம்:

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. 5 என்பது கெட்டுப்போய் மாற்றிவைத்த இடங்கள், 197 என்பது சந்தேகத்தில் நிற்கும் இடங்கள். இரண்டும் பூஜ்யம். 9வது வரி ஓடிய மணிக்கணக்கு. 31 ஆயிரம் மணி என்றால் மூன்றரை வருஷம் நிறுத்தாமல் ஓடியதற்குச் சமம். வயது ஆகிவிட்டது, ஆனால் படுக்கவில்லை.

199தான் நம்ம ஊர்ச் சரக்கு. டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே போகும் சாட்டா கேபிளில் தகவல் சிதைந்து, திரும்ப அனுப்ப வேண்டி வந்த தடவைகளின் எண்ணிக்கை. பெரும்பாலும் கேபிளோ அதன் முனையோதான் காரணம். அப்படி ஆகும்போது மெஷின் கொஞ்சம் விழித்துக்கொண்டு நிற்கலாம், நீங்கள் சொன்ன மவுஸ் நிற்பதும் அப்படி வரலாம். வேறு ஊரில் இதைப் பார்த்தால் கேபிள் லூஸ் என்பேன். பாம்பனில் பார்த்தால் முனையில் உப்புப் பூத்திருக்கிறது என்பேன். பாம்பன் பாலத்தைப் பற்றி யார் எழுதினாலும் உலகத்திலேயே துரு அதிகம் ஏறும் இடங்களில் ஒன்று என்றுதான் ஆரம்பிப்பார்கள். 2025ல் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டு, பாலிசிலாக்சேன் பூச்சு அடித்தார்கள். நம்ம கேபினட்டுக்கு அடிக்க ஆளில்லை.

இன்டர்நெட் இழுப்பதும் அதே குடும்பமா என்று பார்க்கலாம். ஐபி லிங்க் தட்டினால் இஎன்பி என்று தொடங்கும் பெயர் ஒன்று வரும். சூடோ ஈதர்டூல், பிறகு அந்தப் பெயர். ஈதர்டூல் இல்லை என்று சொன்னால் ஏபிடியில் இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். ஸ்பீடு வரியில் 1000 வர வேண்டும். 100 என்று வந்தால் முதலில் உங்கள் ரவுட்டர் போர்ட்டே 100தானா என்று பாருங்கள், மலிவு ரவுட்டரில் அப்படி இருக்கும். அதில் 1000 உண்டு என்றால் கேபிள் முனையைப் பாருங்கள். 1000க்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு நாலு போதும். மீதி நாலில் ஏதாவது ஒரு பின் பச்சைப் பூத்தாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

ஆக, பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும். ராமுக்கு இல்லாவிட்டாலும் கேபிளுக்கு. ஆனால் இப்போது என்ன வாங்கிக்கொண்டு திறக்க வேண்டும் என்று தெரியும். ராம், சாட்டா கேபிள் ஒன்று, முடிந்தால் ஒரு எஸ்எஸ்டி. எச்61ல் சாட்டா வேகம் பழைய 3 ஜிகாபிட்தான், அதிலேயே எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் நான் எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன்.

ஸ்க்ரூவுக்கு வழி சொல்கிறேன். துரு இளக்கும் ஸ்பிரேயை நேரே அடிக்காதீர்கள், உள்ளே போகும். காது குடையும் பஞ்சில் நனைத்து ஸ்க்ரூ தலையைச் சுற்றி வைத்துவிட்டு, இரவு முழுக்க விடுங்கள். காலையில் சரியான அளவு டிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி, அப்புறம் கழற்றும் பக்கம். மழுங்கிய தலைக்கும் டிரைவருக்கும் நடுவில் ரப்பர் பேண்டைத் தட்டையாக வைத்தால் பிடிப்பு கிடைக்கும். ஆளில்லாத நேரத்தில் செய்யுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

திறந்ததும் காலியாகக் கிடந்த அந்த ராம் ஸ்லாட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். நோ மாட்யூல் என்று மட்டும்தான் கட்டளை சொல்லும். வருஷக்கணக்கில் உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு திறந்து கிடந்த ஸ்லாட்டின் பின் எப்படி இருக்கிறது என்று எந்தக் கட்டளைக்கும் தெரியாது. மங்கியிருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். பழைய ராமின் தங்க முனையைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தால் போதும்.

திறந்து_பார், பரமக்குடி:

டிரில் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ரப்பர் பேண்ட் விஷயம் எனக்கே புதுசு.

வடகடல்_ஜெராக்ஸ், பாம்பன்:

கழன்றுவிட்டது தம்பி. ஒரு ஸ்க்ரூ மட்டும் வரவில்லை, மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தியே எடுத்துவிட்டோம். சாட்டா கேபிள் முனை வெள்ளையாகப் பொரிந்து போயிருந்தது. புதுக் கேபிள் போட்டாயிற்று, 4 ஜிபி ராமும் போட்டாயிற்று. ஃப்ரீயில் 7.6 என்று காட்டுகிறது. எஸ்எஸ்டி அடுத்த மாதம்தான். ஈதர்டூலில் 100 வந்தது, ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை மாற்றியதும் 1000 ஆகிவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம். 199வது வரியில் இன்னும் அதே 1412 இருக்கிறதே, குறையவே இல்லையே?

கச்சான், மண்டபம்:

அது குறையாது அக்கா. டிஸ்க் உள்ளேயே எழுதப்பட்ட எண், அழிக்க முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை அந்தக் கட்டளையைத் தட்டிப் பாருங்கள். 1412லேயே நின்றால் நல்லது. ஏறினால் கேபிளை போர்டில் வேறு சாட்டா துளையில் மாற்றிச் செருகுங்கள். அந்த வராத ஸ்க்ரூவை அப்படியே விட்டுவிடுங்கள், எஸ்எஸ்டி போடும்போது பார்த்துக்கொள்ளலாம்.